“ஏன் இப்படிப் பிரித்தீர்கள்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கற்பது

ஆறு ஆண்டுகளாக ஜாவாவில் நிரல் எழுதி வருவதாகவும், மைக்ரோசர்வீஸ் (ஒரு மென்பொருளைத் தனித்தனியாக ஓடும் சிறு சேவைகளாகப் பிரிக்கும் முறை), காஃப்கா (சேவைகளுக்கிடையே செய்திகளைக் கடத்தும் மென்பொருள்), ரெடிஸ் (தரவை நினைவகத்திலேயே வைத்து வேகமாகத் தரும் மென்பொருள்) எல்லாம் கையாண்டு பழக்கம் உண்டு என்றும், ஆனாலும் வெள்ளைப் பலகையில் ஒரு வடிவமைப்பை வரைந்து முடித்த பிறகு “ஏன் இப்படிப் பிரித்தீர்கள்?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டால் வாயடைத்துப் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் புத்தகம், எந்தப் பயிற்சி வகுப்பு, எந்தச் சான்றிதழ் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், உங்கள் குழு முன்பதிவு மென்பொருளிலிருந்து அறிக்கைகள் தயாரிக்கும் பகுதியைத் தனிச் சேவையாகப் பிரிக்கப் போகிறது, அது சரியா என்று தெரியவில்லை என்றும் ஒரு வரி வருகிறது. அந்த வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். ஒரு வடிவமைப்பு சரியா தவறா என்பதைக் கட்டி முடிப்பதற்கு முன்பே எப்படி யோசித்துப் பார்ப்பது, அந்த யோசனையை இன்னொருவர் முன் எப்படி நிறுவுவது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். நான் பத்தொன்பது ஆண்டுகளாகப் பயணச்சீட்டு முன்பதிவு, கட்டண வசூல், கிடங்கு இருப்பு போன்ற வேலைகளுக்கான மென்பொருள்களில் இருக்கிறேன். விமானம், மருத்துவக் கருவி ஆகியவற்றுக்குள் ஓடும் மென்பொருளையோ, கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் தளங்களையோ கட்டியதில்லை. ஆகவே கீழே சொல்பவற்றை நடுத்தர அளவுள்ள வணிக மென்பொருள்களோடு பொருத்திப் படியுங்கள்.

பிறகு மாற்ற வேண்டுமானால் அதிகம் செலவாகும் முடிவுகள் எவையோ, அவற்றின் தொகுப்பையே ஒரு மென்பொருளின் கட்டமைப்பு என்று நான் புரிந்து வைத்திருக்கிறேன். ஒரு மாறியின் பெயரை இன்று மாலையே மாற்றிவிடலாம். ஒரு பேருந்தில் எத்தனை இருக்கைகள் மீதமிருக்கின்றன என்ற உண்மையை எந்த அட்டவணை வைத்திருக்கிறது என்ற முடிவை, மூன்றாண்டுத் தரவு சேர்ந்த பிறகு மாற்றப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும். இத்தகைய முடிவுகளை எடைபோட எனக்கு இரண்டே கேள்விகள் உதவியிருக்கின்றன. இது மாறினால் அந்த மாற்றம் எங்கே போய் நிற்கும்? இது உடைந்தால் அந்த உடைவு எங்கே போய் நிற்கும்? பலகையில் வரைந்த படம் இந்த இரண்டுக்கும் தானாகப் பதில் சொல்லாது. படத்தின் மீது ஒரு மாற்றத்தையோ ஒரு பழுதையோ கையால் நடத்திக் காட்ட வேண்டும். அந்த நடத்தல்தான் கற்றுக்கொள்ள வேண்டிய திறமை.

முதல் கேள்வியைப் பழக, 1972 டிசம்பரில் கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் வெளியிட்ட ஒரு சிறிய கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டைவிடச் சிறந்த ஒன்றை நான் கண்டதில்லை. ஒரு சொல்லடைவு தயாரிக்கும் நிரல் அது. பல வரிகள் உள்ளே வருகின்றன. ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லை எடுத்துக் கடைசியில் சேர்த்துச் சுழற்றிக்கொண்டே போக வேண்டும். கிடைக்கும் எல்லா வரிகளையும் அகரவரிசையில் அச்சிட வேண்டும். “யாதும் ஊரே யாவரும் கேளிர்” என்ற வரி உள்ளே போனால் “ஊரே யாவரும் கேளிர் யாதும்”, “யாவரும் கேளிர் யாதும் ஊரே”, “கேளிர் யாதும் ஊரே யாவரும்” என்று சுழன்று, மூல வரியோடு சேர்த்து நான்கு வரிகளாகப் பட்டியலில் இடம்பெறும். இதைப் பார்னஸ் இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் பிரிப்பு வேலை நடக்கும் வரிசைப்படி அமைந்தது: படிப்பது ஒரு மாட்யூல் (நிரலின் தனிப் பகுதி), சுழற்றுவது ஒன்று, வரிசைப்படுத்துவது ஒன்று, அச்சிடுவது ஒன்று. நம்மில் பெரும்பாலோர் இயல்பாகச் செய்வது இதுதான். இரண்டாவது பிரிப்பில், மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வைத்தார். வரிகள் நினைவகத்தில் எந்த வடிவில் இருக்கின்றன என்பது வரிகளை வைத்திருக்கும் மாட்யூலுக்கு மட்டுமே தெரியும். மற்றவை “இந்த வரியின் இந்தச் சொல்லின் இந்த எழுத்தைக் கொடு” என்று கேட்க மட்டுமே முடியும்.

இரண்டு பிரிப்புகளும் ஒரே விடையைத்தான் தரும். வேறுபாடு, மாற்றம் வரும்போது தெரிகிறது. எல்லா வரிகளையும் நினைவகத்திலேயே வைப்பது என்ற முடிவை மாற்றினால், முதல் பிரிப்பில் ஏறக்குறைய எல்லா மாட்யூல்களையும் தொட வேண்டும், ஏனெனில் எல்லாமே அந்த வடிவத்தை நேரடியாகப் படிக்கின்றன. இரண்டாவதில் ஒரே ஒரு மாட்யூலோடு வேலை முடிந்துவிடும். இதைப் படித்துவிட்டுத் தலையாட்டினால் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள். பிறகு உள்ளே வரும் வரிகளைத் தமிழாக்குங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் தரநிலையான யூனிகோடில், அந்தக் குறியெண்களின் வரிசையும் தமிழ் நெடுங்கணக்கின் வரிசையும் ஒன்றல்ல. யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்பாக இருக்கிறது, நமக்கோ அது மெய் வரிசையின் கடைசி எழுத்து. ஆகவே வெறும் குறியெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தினால் “மனம்” முன்னாலும் “மரம்” பின்னாலும் வரும். அகராதியில் தேடுகிறவர் “மரம்” முன்னால் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார். இன்னொன்று, ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே, நினைவகத்தில் வேறு. தேடும்போது ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமல் போகும்.

இப்போது உங்கள் இரண்டு நிரல்களையும் எடுத்து, “எழுத்து என்றால் என்ன” என்ற முடிவும் “எது முன், எது பின்” என்ற முடிவும் எத்தனை இடங்களில் சிதறிக் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முதல் பிரிப்பில் எழுதிய நிரலில் சுழற்றும் மாட்யூலுக்குள்ளும் அச்சிடும் மாட்யூலுக்குள்ளும் கூட அந்த அறிவு கசிந்திருப்பதைக் காண்பீர்கள். நான் பயிற்சி கொடுத்த இளைஞர்களுக்கு இதைச் செய்யச் சொன்னபோது, பலருக்கு “மறைத்தல்” என்ற சொல்லின் பொருள் அன்றுதான் பிடிபட்டது. நிரலில் ‘கிளாஸ்’ எனப்படும் வகுப்பின் உறுப்புகளைப் பிரைவேட் (வெளியிலிருந்து தொட முடியாதவை) என்று குறிப்பதை மறைத்தல் என்று நினைத்திருந்தவர்கள், ஒரு முடிவை மறைப்பதே மறைத்தல் என்று புரிந்துகொண்டார்கள்.

இதன் பெரிய வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைப் பாருங்கள். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உள்ளமைப்பைப் பற்றிய விளக்கங்களும் தெளிவானவை. வினவலைப் பகுத்து ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றும் பகுதி மேலே இருக்கிறது. அதன் கீழே, தரவை விரைவில் தேடியெடுக்கும்படி மர வடிவில் அடுக்கும் பி-ட்ரீ. அதன் கீழே பேஜர். அதற்கும் கீழே இயங்குதளத்தோடு பேசும் அடுக்கு. பேஜருக்கு அட்டவணை, வரிசை என்றெல்லாம் எதுவும் தெரியாது. கோப்பின் பக்கங்களைப் பத்திரமாக எழுதுவதும், பாதியில் மின்சாரம் போனால் பழைய நிலைக்குத் திரும்புவதும் மட்டுமே அதன் பொறுப்பு. 2010இல் 3.7.0 பதிப்பில், மாற்றங்களை முதலில் ஒரு தனிப் பதிவேட்டில் எழுதி வைக்கும் புதிய முறையைச் சேர்த்தபோது, அந்த வேலையின் பாரம் பேஜர் மட்டத்தில் நின்றது. தரவைக் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் பயனர் எழுதியிருந்த வினவல்கள் அப்படியே ஓடின. ஒரு மாற்றம் எங்கே நின்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வியான உடைவைப் பற்றி நான் கற்றது ஒரு பொங்கல் விடுமுறைக்கு முந்தைய இரவில். அப்போது நான் ஒரு பேருந்து முன்பதிவுத் தளத்தின் கட்டணப் பகுதியை வடிவமைத்திருந்தேன். பயணி இருக்கையைத் தேர்ந்தெடுத்ததும் எங்கள் சர்வர் பேமென்ட் கேட்வேயை (பயணியின் கணக்கிலிருந்து பணம் எடுத்துத் தரும் வெளிச் சேவையை) அழைக்கும். 10 நொடிக்குள் பதில் வராவிட்டால் மீண்டும் அழைக்கும். மூன்று முறை முயன்ற பிறகே தோல்வி என்று சொல்லும். மறுமுயற்சி என்பது நம்பகத்தன்மையைக் கூட்டும் என்று நம்பியே அதை வைத்திருந்தேன். அன்றிரவு கேட்வே மெதுவாக இருந்தது. ஊருக்குப் போகக் காத்திருந்த ஒருவருக்கு ஒரே இருக்கைக்காக மூன்று முறை பணம் எடுக்கப்பட்டு, இருக்கையும் கிடைக்கவில்லை. அவரைப் போல இன்னும் பலர் இருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு ஒன்பது நாட்கள் ஆயின. மாதச் சம்பளத்தில் ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு ஒன்பது நாட்கள் எவ்வளவு நீளமானவை என்பதை அந்தத் தொலைபேசி அழைப்புகளில் கேட்டேன்.

பிழை ஒரு நிரல் வரியில் இல்லை. என் யோசனையில் இருந்தது. பதில் வரவில்லை என்றால் மூன்று நிலைமைகள் இருக்கலாம். கோரிக்கை அங்கே போய்ச் சேரவே இல்லை. போய்ச் சேர்ந்து பணமும் எடுக்கப்பட்டு, பதில்தான் வழியில் தொலைந்தது. அல்லது வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அழைத்தவருக்கு இந்த மூன்றையும் பிரித்தறிய வழியே கிடையாது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கிடையாது. இது கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாத உண்மை. வலைப்பின்னல் வழியாக நடக்கும் எந்த அழைப்புக்கும் பொருந்தும். நான் பதிலின்மையைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். தீர்வு சிறியதுதான்: பயணி பொத்தானை அழுத்தும் கணத்திலேயே அந்த முயற்சிக்கு ஒரு தனி எண்ணை உருவாக்கி, எத்தனை முறை அழைத்தாலும் அதே எண்ணையே அனுப்ப வேண்டும், பணம் எடுக்கும் பக்கத்தில் அதே எண் மறுபடி வந்தால் முன்பு சொன்ன பதிலையே திருப்பிச் சொல்ல வேண்டும், அந்த எண் இரண்டு முறை பதிவாகாதபடி தரவுத்தளமே தடுக்க வேண்டும். இதன் பிறகு நான் வரையும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு பெட்டிகளுக்கு இடையே ஓர் அம்புக்குறி இருந்தால், அந்த அம்பின் மீது விரலை வைத்து “இங்கே பதில் வராவிட்டால்?” என்று உரக்கக் கேட்கும் பழக்கம் வந்தது. உங்களிடம் கேள்வி கேட்ட அந்த மூத்தவரும் பெரும்பாலும் இதைத்தான் செய்துகொண்டிருந்திருப்பார்.

மற்றவர்களின் விபத்துகளிலிருந்தும் இதைக் கற்கலாம், கற்க வேண்டும். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய முதல் ஆரியான் 5 ராக்கெட், 40 நொடிகளுக்குள் சிதறியது. அதை ஆராய்ந்த குழுவின் அறிக்கை பொதுவில் கிடைக்கிறது, நீளமானதும் அல்ல. ராக்கெட்டின் திசையை அளக்கும் கணினியின் மென்பொருள் ஆரியான் 4இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அதில் 64 பிட் தசம எண் ஒன்று 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டது. ஆரியான் 5 வேறு பாதையில், அதிகக் கிடைவேகத்தோடு போனதால் அந்த எண் அடங்காமல் போனது. மாற்றுக்கென இருந்த இரண்டாவது கணினியும் அதே மென்பொருளையே ஓட்டியதால், அதே பிழையால் அதுவும் நின்றிருந்தது. திசையளக்கும் கணினி நின்றபோது அனுப்பிய பழுதறியும் தகவலை, ராக்கெட்டைச் செலுத்தும் முதன்மைக் கணினி பறத்தல் தரவு என்று எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. இத்தனைக்கும், அந்தக் கணக்கீடு ஆரியான் 5இல் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு எதற்கும் தேவைப்படவில்லை. ஆரியான் 4இன் ஒரு பழைய தேவைக்காக ஓடிக்கொண்டிருந்தது.

இந்த அறிக்கையைப் படிக்கும்போது எண் மாற்றத்தோடு நின்றுவிடாதீர்கள். ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்பு வைத்து மூன்றை அப்படியே விட்டார்கள். கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இலக்கும், அந்த மூன்றும் எல்லையைத் தாண்ட வாய்ப்பில்லை என்ற கணிப்பும் அதற்குக் காரணங்கள். ஆரியான் 4க்கு அது நியாயமான முடிவு. ஆனால் அந்த நியாயம் மூலநிரலில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆவணக் குவியலில் புதைந்து கிடந்தது. முடிவு அடுத்த ராக்கெட்டுக்குப் பயணம் செய்தது, அதன் காரணம் பயணம் செய்யவில்லை. நம்முடைய சாதாரண வணிக மென்பொருளிலும் மரபு நிரலை, அதாவது முன்பு எழுதிவைத்த பழைய நிரலை, எடுத்தாளும்போது நடப்பது இதுவே.

அடுத்தது கணக்கு. வடிவமைப்பு விவாதங்களில் பாதி, யாராவது ஒருவர் பெருக்கல் வகுத்தல் போட்டுப் பார்த்திருந்தால் தொடங்கியே இருக்காது. 300 பேருந்துகள், ஒவ்வொன்றிலும் 40 இருக்கைகள், எல்லாம் தினமும் நிறைகின்றன என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 12,000 சீட்டுகள். அதில் பாதி மாலை இரண்டு மணி நேரத்தில் விற்பதாகக் கொண்டால், 6,000 சீட்டுகளை 7,200 நொடிகளால் வகுக்க வேண்டும். நொடிக்கு ஒரு சீட்டுகூட வரவில்லை. தேடிப் பார்ப்பவர்கள் நூறு மடங்கு என்றாலும் நொடிக்கு நூறுக்குள்தான். இதற்கு ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தாராளமாகப் போதும். இந்த நான்கு வரிக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டுப் பேசுகிறவரிடம் “காஃப்கா ஏன் இல்லை?” என்று கேட்பவர், அதற்கான காரணத்தைத் தானே தேட வேண்டியிருக்கும்.

நம்பகத்தன்மைக்கும் இதே போலக் கணக்கு உண்டு. 99.9 சதவீதம் இயங்கும் ஒரு சேவை ஆண்டுக்கு ஏறத்தாழ 8.8 மணி நேரம் நிற்கும். ஒரு கோரிக்கை நிறைவேற அப்படிப்பட்ட ஐந்து சேவைகளும் ஒருசேர இயங்க வேண்டும், அவற்றின் பழுதுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், மொத்தம் 99.5 சதவீதமாகக் குறைந்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 44 மணி நேரம் நிற்கும். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே வான்வழியே 1,000 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், போய்வர 10 மில்லிசெகண்டுக்குக் குறைய வழியில்லை. ஒரு பக்கத்தைக் காட்ட இருபது முறை போய்வந்தால் 200 மில்லிசெகண்ட் போய்விட்டது. எந்த மொழியில் எழுதினாலும் அதைக் குறைக்க முடியாது. வரிசையில் காத்திருப்பதைப் பற்றிய எளிய மாதிரி ஒன்றும் உண்டு. ஒரு வேலைக்கு 100 மில்லிசெகண்ட் பிடிக்கும் ஒரு சர்வர் பாதி நேரம் வேலையில் இருந்தால் சராசரியாக 200 மில்லிசெகண்டில் பதில் வரும்; 90 சதவீதம் வேலையில் இருந்தால் ஒரு முழு நொடி; 95 சதவீதத்தில் இரண்டு நொடி. நிஜ சர்வர்கள் இந்த மாதிரிக்கு அச்சாகப் பொருந்துவதில்லை என்றாலும், 90க்கு மேல் தாமதம் செங்குத்தாக ஏறும் என்ற வளைவின் வடிவத்தை நான் அளந்த எல்லா இடங்களிலும் கண்டிருக்கிறேன். திருவிழாக் காலத்தில் “நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது” என்று சொல்கிறார்களே, அதன் விளக்கம் பெரும்பாலும் இந்த வளைவில் இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றை உறுதியாகச் சொன்னேன். இனி வருபவை அவ்வளவு உறுதியானவை அல்ல. ஒரே தொகுப்பாகக் கட்டுவதா, மைக்ரோசர்வீஸாகப் பிரிப்பதா என்ற விவாதத்தில் நிச்சயமாகத் தெரிந்தவை சிலவே. ஒரே தரவுத்தளத்துக்குள் நடக்கும் வேலை பாதியில் நின்றால் ட்ரான்சாக்ஷன் (பல படிகளை ஒரே வேலையாகக் கட்டிவைக்கும் ஏற்பாடு) அதை முழுதாக ரத்துசெய்துவிடும். இரண்டு சேவைகளுக்கு இடையே அந்த வசதி இயல்பாகக் கிடைக்காது, நீங்களே கட்ட வேண்டும். இது உறுதி. குழுக்கள் எப்படி ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவோ அதே வடிவில்தான் அவை கட்டும் மென்பொருளும் அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் எழுதியது, நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் பலித்திருக்கிறது. ஆனால் எத்தனை பேர் சேர்ந்தால் பிரிக்க வேண்டும் என்பதற்கு எவர் ஓர் எண்ணைச் சொன்னாலும் அது அவரது அனுபவம் மட்டுமே. எட்டுப் பேர் பதினான்கு சேவைகளை வைத்துக்கொண்டு, ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றக்கூட நான்கு சேவைகளைச் சேர்த்து வெளியிட வேண்டிய நிலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். நாற்பது பேர் ஒரே தொகுப்பில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, வாரம் ஒரு வெளியீட்டுக்கே திணறியதையும் பார்த்திருக்கிறேன். என் சாய்வு, உள்ளே தெளிவான எல்லைகளுள்ள ஒரே தொகுப்பில் தொடங்கி, வலிக்கும் இடத்தை மட்டும் வெட்டியெடுப்பது. எல்லை எங்கே என்று தெரிவதற்கு முன் வெட்டினால், தவறான இடத்தில் வெட்டுவோம். வலைப்பின்னலின் குறுக்கே இருக்கும் எல்லையை நகர்த்துவது பல மடங்கு கடினம். இதை என் சாய்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு துறைகளில் இருப்பவர்கள் நியாயமான காரணங்களோடு மறுப்பார்கள்.

எப்படிப் பயிற்சி செய்வது என்பதற்கு வருகிறேன். எடுக்கும் ஒவ்வொரு பெரிய முடிவையும் ஒரு பக்கத்துக்குள் எழுதி, நிரல் இருக்கும் இடத்திலேயே சேர்த்து வையுங்கள். மென்பொருள் வடிவமைப்பாளர் மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த எளிய வடிவம் பரவலாகப் பயன்படுகிறது: சூழல், முடிவு, அதன் நிலை, விளைவுகள். அதோடு இரண்டு வரிகளை நான் சேர்த்துக்கொள்வேன். ஒன்று முன்கணிப்பு: “இப்படிச் செய்தால் மாலை நேரத்தில் பதில் நேரம் 300 மில்லிசெகண்டுக்குள் இருக்கும்.” இன்னொன்று திரும்பும் நிபந்தனை: “தினசரிச் சீட்டுகள் 2 லட்சத்தைத் தாண்டினால் இந்த முடிவைத் திரும்பப் பார்க்க வேண்டும்.” நிராகரித்த வழிகளையும் அவற்றின் நல்ல பக்கத்தோடு எழுத வேண்டும், நிராகரித்த வழியின் சிறப்பைச் சொல்லத் தெரியாவிட்டால் அதை நாம் உண்மையில் பரிசீலிக்கவில்லை என்று பொருள். ஆறு மாதம் கழித்து நாட்காட்டியில் குறித்துவைத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, முன்கணிப்பு பலித்ததா என்று பாருங்கள். என் பழைய குறிப்புகளைத் திறந்தபோது, சுமையைப் பற்றிய என் கணிப்புகள் பெரும்பாலும் தேவைக்கு மேல் பெரிதாகவும், மாற்றங்களைப் பற்றியவை பெரும்பாலும் பிசகாகவும் இருந்தன. வரும் என்று நினைத்துத் தயார் செய்த இரண்டாவது பேமென்ட் கேட்வே நான்காண்டுகள் வரவே இல்லை. ஜிஎஸ்டி 2017இல் வந்தபோது வரிக் கணக்கு எட்டு இடங்களில் சிதறிக் கிடந்தது. இந்தத் திருத்தம் எந்த வகுப்பிலும் கிடைக்காது, ஏனெனில் வகுப்பு முடிந்த பிறகுதான் விளைவு தெரிகிறது.

சான்றிதழைப் பற்றிக் கேட்டீர்கள். கிளவுட் நிறுவனங்களின் சான்றிதழ்கள் அவர்களுடைய சேவைகளின் பெயர்களையும் வரம்புகளையும் அறியப் பயன்படும்; வேலைக்கான முதல் வடிகட்டலிலும் உதவும். “ஏன் இப்படி?” என்ற கேள்விக்கு அவை பதில் தராது. புத்தகங்களைவிட முதலில் விபத்தறிக்கைகளைப் படியுங்கள். பல நிறுவனங்கள் தங்கள் சேவை நின்றுபோன நிகழ்வுகளை நிமிட வாரியாக எழுதி வெளியிடுகின்றன. பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன உடையும் என்று தாளில் எழுதிவிட்டு மீதியைப் படியுங்கள்.

இனி உங்கள் அறிக்கைச் சேவை. பிரிப்பதா வேண்டாமா என்று விவாதிக்கும் முன் மூன்று விஷயங்களைத் தேடி எடுங்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் வரலாற்றில் கடந்த ஆறு மாத மாற்றங்களைப் பார்த்து, அறிக்கைப் பகுதியின் கோப்புகளும் மற்ற கோப்புகளும் ஒரே மாற்றத்தில் சேர்ந்து வந்தது எத்தனை முறை என்று எண்ணுங்கள். பத்தில் ஏழு முறை சேர்ந்தே மாறியிருந்தால், பிரித்த பிறகும் சேர்ந்தே மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வெளியீடுகள் ஆகும். அடுத்து, அறிக்கை வினவல்கள் எந்தெந்த அட்டவணைகளை இணைக்கின்றன என்று பாருங்கள். முன்பதிவு அட்டவணைகளையே படிக்கின்றன என்றால், தனிச் சேவை அதே தரவுத்தளத்தை எட்டிப் பார்க்க வேண்டும், அல்லது தரவின் நகல் ஒன்றை வைத்திருக்க வேண்டும். நகல் எவ்வளவு நேரம் பின்தங்கலாம் என்று கணக்குப் பிரிவில் இருப்பவர்களிடம் போய்க் கேட்டு வாங்குங்கள். மூன்றாவதாக, பிரிக்கச் சொல்வதற்கான காரணமான அந்த வலி என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். மாத இறுதியில் அறிக்கை ஓடும்போது முன்பதிவு மெதுவாகிறது என்பதுதான் வலி என்றால், வாசிப்புக்கு மட்டுமான ஒரு தரவுத்தள நகலை வைத்து அறிக்கை வினவல்களை அங்கே திருப்பிவிடுவது ஒரு வார வேலை. பிடிக்கவில்லை என்றால் ஒரே நாளில் திரும்பிவிடலாம். அறிக்கைகளை வேறொரு குழு எழுதப் போகிறது, அவர்கள் தினமும் வெளியிட வேண்டும் என்பதுதான் காரணம் என்றால், பிரிப்பதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. இந்த மூன்றும் கையில் கிடைத்ததும் அவற்றையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள். நகல் பின்தங்கும்போது எந்த அறிக்கை தவறாகும் என்பதிலிருந்து பேச்சைத் தொடரலாம்.